கருத்தரிக்கும் முன் ஆலோசனை: போனில் எவ்வளவு முடியும்?

சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு இளம் மருத்துவர் கேட்டிருக்கிறார். கொரோனா சமயத்தில் ஆரம்பித்த போன், வீடியோ ஆலோசனை அவரிடம் இன்னும் தொடர்கிறது. கல்யாணமாகி குழந்தைக்குத் தயாராகும் பெண்களுக்கு இதே வழியில் முன்கூட்டியே ஆலோசனை சொல்லலாமா, என்னென்ன கேட்க வேண்டும், எதற்கெல்லாம் நேரில் வரச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கி, 'கருத்தரிப்புக்கு முந்தைய ஆலோசனை, செவ்வாய் மாலை' என்று போர்டு மாட்டினால் யாரும் வரமாட்டார்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், மூன்று மாதத்தில் நான்கு பேர் கூப்பிட்டார்கள், அதில் இரண்டு பேர் ஏற்கனவே கர்ப்பம். நம் ஊரில் உடம்பு சரியில்லாமல்தான் டாக்டரிடம் போவார்கள், குழந்தை இன்னும் வராத நிலையில் எதற்கு டாக்டர் என்றுதான் வீட்டில் கேட்பார்கள். அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, ஏற்கனவே வந்துகொண்டிருக்கும் அழைப்புகளுக்குள் இந்தப் பேச்சை நுழைப்பது. தைராய்டு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று 27 வயதுப் பெண் கூப்பிடுகிறாள், முகப்பருவுக்கு ஒருத்தி, சுகர் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இன்னொருத்தி. இவர்கள் எல்லாரிடமும் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த ஒரு வருஷத்துக்குள் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா, இப்போதைக்கு வேண்டாம் என்று இருக்கிறீர்களா, இன்னும் முடிவு செய்யவில்லையா?"

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் 'ஒன் கீ கொஸ்டின்' என்ற பெயரில் முதல்நிலை மருத்துவத்துக்காக உருவாக்கினார்கள். நம் ஊரில் புதுப்பெண்ணிடம் எல்லாரும் கேட்கிற "விசேஷம் ஏதும் உண்டா?" என்பதும் பார்க்க இதே மாதிரிதான் தெரியும், ஆனால் அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று பதில் சொல்ல அவளுக்கு இடமே கிடையாது. நீங்கள் கேட்கும் கேள்வியில் மூன்று பதிலுக்கும் சமமான இடம் இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் கருத்தடை பற்றிப் பேசுங்கள், அதுவும் இதே ஆலோசனையின் பகுதிதான். உதாரணத்துக்கு, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மூன்று மாத 'அந்தரா' ஊசி போட்டவர்களுக்கு, நிறுத்திய பிறகு கரு உண்டாக சில மாதங்கள் தாமதமாகலாம். அதை முன்னாலேயே சொல்லாவிட்டால், ஊசியை நிறுத்தி இரண்டு மாதத்திலேயே "எனக்குக் குழந்தையே பிறக்காதா டாக்டர்" என்று அழுதுகொண்டு கூப்பிடுவாள்.

சரி, இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போயிற்று என்று தெரியும்போதே அதில் சுமார் 14 நாள் போய்விட்டது. அப்புறம் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருப்பாள், கடையில் கிட் வாங்கிப் பார்ப்பாள், கணவனிடம் சொல்வாள், பெரியவர்கள் 'மூன்றாம் மாதம் வரைக்கும் வெளியே சொல்லாதே' என்பார்கள். நர்சம்மாவிடம் போய்ப் பதிவு செய்து ஃபோலிக் ஆசிட் கையில் வாங்கும்போது எட்டு வாரமோ பத்து வாரமோ ஆகியிருக்கும். எந்த வேலைக்காக அந்த மாத்திரையைக் கொடுக்கிறோமோ அந்த வேலை அதற்குள் முடிந்துவிட்டது. நம் கர்ப்பகாலப் பராமரிப்பு எவ்வளவு நன்றாக நடந்தாலும் இந்த முதல் நான்கு வாரத்தை அதனால் தொட முடியாது, வேறு ஏதாவது வழியில்தான் அங்கே போக வேண்டும். போன் அந்த வழி என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

1991-இல் வெளிவந்த பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, 7 நாடுகளில் 33 மையங்களில் நடந்தது. முந்தைய கர்ப்பத்தில் நரம்புக்குழாய்க் குறைபாடு ஏற்பட்ட பெண்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்தபோது, மறுபடி அந்தக் குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. இன்றைக்குச் சாதாரணமாக எல்லாப் பெண்களுக்கும் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து முதல் மூன்று மாதம் முடியும் வரை என்று சொல்கிறோம். மத்திய அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டமான 'அனீமியா முக்த் பாரத்' வழிகாட்டுதலிலும் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு இதே 400 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. ஆனால் நம் மருந்துக்கடைகளில் "ஃபோலிக் ஆசிட் கொடுங்கள்" என்றால் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த அளவு யாருக்கு வேண்டும் என்றால், முன்பு இப்படிக் குறையுள்ள குழந்தை பிறந்தவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சுகர் உள்ளவர்கள் இவர்களுக்கு. மற்றவர்களுக்குத் தேவையில்லை, அதோடு அதிக டோஸ் பி12 குறைபாட்டால் வரும் ரத்த மாற்றத்தை மறைத்துவிடும் என்பதால், சுத்த சைவம் சாப்பிடும் பெண்ணுக்கு 5 மில்லிகிராம் எழுதும் முன் பி12 பார்த்துவிடுங்கள். கடைக்காரருக்குப் புரியும்படி அளவைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள், போனில் வாயால் சொன்னால் மாறிவிடும்.

சட்டப்படி இதில் தடையே இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், கால்சியம் போன்ற சத்து மாத்திரைகளை 'ஓ' பட்டியலில் வைத்திருக்கின்றன, அதாவது போனில் பேசி எழுதினாலும் சரி, மெசேஜில் எழுதினாலும் சரி. ஓரளவு பாதுகாப்பான மற்ற மருந்துகள் உள்ள 'ஏ' பட்டியலுக்கு முதல் ஆலோசனை வீடியோவில் இருக்க வேண்டும். நோயாளி தானாகக் கூப்பிட்டால் அவருடைய சம்மதம் இருப்பதாகவே கொள்ளலாம், நீங்களோ உங்கள் நர்ஸோ முதலில் கூப்பிட்டால் வெளிப்படையாகச் சம்மதம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மருந்துச்சீட்டில் உங்கள் பதிவு எண் இருக்க வேண்டும். பணம் கொடுத்துப் பேச முடியாதவர்களுக்கு 2020 ஏப்ரலில் தொடங்கிய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது, அதில் ஆலோசனை இலவசம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆலோசனையில் முக்கால்வாசி பேச்சுதான். பழைய நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், முந்தைய கர்ப்பங்கள், குடும்பத்தில் உள்ள நோய்கள், பழைய ரிப்போர்ட். இதில் ஒரு பகுதி கிளினிக்கில் நடப்பதைவிட வீடியோவில் நன்றாகவே நடக்கும் என்பது என் அனுபவம். மாத்திரை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் "ஒரு வெள்ளை மாத்திரை டாக்டர், சின்னதா இருக்கும்" என்பார்கள். வீடியோவில், "வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் எடுத்து மேசைமேல் கொட்டுங்கள், நாட்டு மருந்து, லேகியம், முகத்துக்குப் போடும் கிரீம் உட்பட" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு நேரே காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்கிற பொருளெல்லாம் வரும். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடுவது, அதை நிறுத்தி ஒரு மாதமாவது கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும், சாப்பிடும்போது உண்டானால் குழந்தைக்குக் கடுமையான குறைகள் வரும். பெயரே தெரியாத வெள்ளையாக்கும் கிரீம், இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பஸ்பம் கலந்த சூரணங்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதாக வாங்கிய வலி மாத்திரை.

சில மருந்துகளைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருங்கள். வலிப்புக்குச் சாப்பிடும் வால்ப்ரோயேட் அதில் முதலாவது. கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு சுமார் 10 பேருக்குப் பிறவிக்குறை, 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சி, படிப்பு, பேச்சு இவற்றில் சிக்கல் என்று ஐரோப்பிய மருந்து முகமை சொல்கிறது. ஆனால் தயவுசெய்து போனிலேயே "அதை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் அடுக்கடுக்காக வலிப்பு வந்து உயிரே போகலாம். மாத்திரையைத் தொடரச் சொல்லி, அதுவரை நம்பகமான கருத்தடைக்கு வழி செய்து, ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் ஆரம்பித்து, அதே வாரத்தில் நரம்பியல் மருத்துவரிடம் கடிதத்தோடு அனுப்புங்கள். மாற்று மருந்துக்குப் போய் நிலைப்பட மாதங்கள் ஆகும் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பயத்தில் அவளாகவே நிறுத்திவிடுவாள். மூட்டு நோய்க்கான மெத்தோட்ரெக்சேட், செயற்கை வால்வு வைத்தவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், பிரஷருக்கான டெல்மிசார்டன், எனாலாப்ரில் வகைகள், கொழுப்பு மாத்திரை, இவையும் அந்த வரிசையில் வரும். டெல்மிசார்டன் நம் ஊரில் எவ்வளவு சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது என்று உங்களுக்கே தெரியும், 30 வயதுப் பெண்ணின் சீட்டில் அதைப் பார்த்தால் குழந்தை எண்ணத்தைக் கேட்காமல் ரீஃபில் கொடுக்காதீர்கள்.

சுகர் உள்ள பெண்களுக்கு மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 6.5-க்குக் கீழே வந்தபின் கருத்தரிப்பது நல்லது, 10-க்கு மேல் இருந்தால் இப்போது வேண்டாம் என்று நேராகவே சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் தாயின் ரத்தத்தில் சுகர் அதிகமாக இருந்தால் குழந்தையின் இதயம் உருவாவதே பாதிக்கப்படும். இந்தத் தொடர்ச்சி வேலைக்கு போன் அருமையாகப் பயன்படும், வாரம் ஒருமுறை குளுக்கோமீட்டர் அளவுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி டோஸை மாற்றிக்கொண்டே போகலாம், அவள் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. தைராய்டும் இதே மாதிரி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டி.எஸ்.ஹெச்., அதாவது தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவை, 2.5-க்குக் கீழே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதப் பெண்கள் ரத்த உறவில் மணந்தவர்கள், நாட்டிலேயே அதிகமான அளவுகளில் ஒன்று. ஏற்கனவே மாமன் மகனைக் கட்டிக்கொண்டு வந்தவளிடம் "ஏன் சொந்தத்தில் செய்தீர்கள்" என்று பாடம் நடத்துவதில் எந்தப் பயனும் இல்லை, அது அவளுக்கு வலியை மட்டும்தான் கொடுக்கும், பெரும்பாலும் முடிவெடுத்ததும் அவள் இல்லை. எண்ணைச் சொல்லுங்கள்: பொதுவாக எந்தக் குழந்தைக்கும் பிறவிக்குறை வரும் வாய்ப்பு 100-க்கு 2, 3. அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்மாமனையே மணந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதாவது பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கும். இந்த எண்ணைக் கேட்டதும் பலருக்கு மூச்சு வருவதை நான் கேட்டிருக்கிறேன், அவர்கள் மனதில் அதைவிடப் பயங்கரமான எண் ஏதோ இருந்திருக்கும். ஆனால் குடும்பத்தில் சின்ன வயதில் இறந்த குழந்தைகள், காது கேட்காதவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் யாராவது இருந்தால் மரபியல் ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். ஹீமோகுளோபின் குறைவாகவும் ரத்த அணுவின் அளவான எம்.சி.வி. 80-க்குக் கீழேயும் இருந்தால் வெறும் இரும்பு மாத்திரை எழுதிவிட்டுப் போகாமல் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியரா, அதாவது நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவளா என்று பாருங்கள், அவள் கேரியர் என்றால் கணவனுக்கும் பார்க்க வேண்டும். நீலகிரி பழங்குடி மக்களில் சிக்கிள் செல் என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய் இருக்கிறது, அங்கே வேலை செய்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்தை மறக்கச் சொல்லவில்லை, அதே ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமான பிறகு ஹீமோகுளோபினை ஏற்றப் படாதபாடு படுவதைவிட, முன்னாலேயே ஏற்றுவது எவ்வளவோ சுலபம்.

இப்போது தனிமை பற்றி. நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான், நான் தவறு செய்ததும் இங்கேதான். ஆரம்பத்தில் ஒரு பெண் தனியாக கிளினிக்குக்கு வந்தபோது கல்யாணத்துக்கு முன் ஒருமுறை கரு கலைந்ததைச் சொல்லியிருந்தாள். இரண்டு வாரம் கழித்து வீடியோவில் பேசும்போது திரையில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது, நான் யோசிக்காமல் "முன்பு ஒருமுறை கலைந்தது என்றீர்களே, அப்போது ரத்த குரூப் ஊசி போட்டார்களா?" என்று கேட்டுவிட்டேன். மாமியார் அதே அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அழைப்பு அதோடு நின்றது, அந்தப் பெண் மறுபடி என்னைக் கூப்பிடவே இல்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேமரா காட்டாத பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது, இதை மறந்த ஒரு நிமிஷம் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய சேதம் செய்யும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட முறை இது. முதல் வாக்கியமே "இப்போது தனியாக இருக்கிறீர்களா, பேச வசதியா?" அவள் தயங்கினால் "சரி, பொதுவான விஷயம் மட்டும் பேசுவோம்" என்று சாப்பாடு, மாத்திரை அளவில் நிறுத்திக்கொள்வேன். இயர்போன் இருந்தால் மாட்டச் சொல்வேன், அப்படியானால் நான் கேட்பது வெளியே கேட்காது, அவள் 'ஆமாம்', 'இல்லை' என்று மட்டும் சொன்னால் போதும்படி கேள்வியை அமைப்பேன். "வீட்டில் யாரையாவது பார்த்துப் பயம் இருக்கிறதா, யாராவது அடிக்கிறார்களா?" என்பதை இப்படித்தான் கேட்க முடியும், அதற்கு 'ஆமாம்' வந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை வாயால் சொல்வேன், மெசேஜில் அனுப்பமாட்டேன். ஏனென்றால் பல வீடுகளில் போன் கணவனுடையது. அதே தேசிய ஆய்வில் நாடு முழுக்கத் தானே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 சதவீதம்தான். ரிப்போர்ட், மருந்துச்சீட்டு எதையும் அனுப்பும் முன் "இந்த எண்ணுக்கு அனுப்பலாமா, வேறு யாரும் பார்ப்பார்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பழைய கர்ப்பங்கள், பால்வினை நோய், குடும்ப வன்முறை, மனநிலை, இவற்றைத் தனிமை உறுதியாகாத அழைப்பில் தொடவே வேண்டாம், வேறு ஏதாவது காரணம் சொல்லி அவளை மட்டும் நேரில் வரவழையுங்கள். ரத்தம் எடுக்க வர வேண்டும் என்பது யாரும் கேள்வி கேட்காத காரணம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், அதே மாமியாரைவிட குடும்ப வரலாறு தெரிந்தவர் யாரும் கிடையாது. தனியாகப் பேசி முடித்த பிறகு, அவள் சம்மதித்தால், "அத்தையைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்" என்று சொல்லி அவரிடம் குடும்ப மரத்தைக் கேளுங்கள். மூன்று தலைமுறைக்கு யார் யாருக்கு என்ன நோய், எந்தக் குழந்தை எத்தனை மாதத்தில் போயிற்று என்று மணிமணியாகச் சொல்வார். தன்னையும் கேட்டார்களே என்ற திருப்தியில் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மருமகளுக்கு ஞாபகப்படுத்துவதும் அவராகவே இருப்பார்.

கணவர்களைப் பிடிக்கவும் போன்தான் வழி. கிளினிக்குக்கு வர அவர்களுக்கு நேரம் இருக்காது, போனில் பத்து நிமிஷம் கிடைப்பார்கள். புகை, குடி, குட்கா இவற்றைக் கேளுங்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள், ஆண்மை கூடும் என்று நினைத்துப் போட்டுக்கொள்கிறார்கள், உண்மையில் அது விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும், சிலருக்கு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போய்விடும். ஒரு விந்தணு உருவாகி முடிய சுமார் இரண்டரை மாதம் ஆகும் என்பதால், நிறுத்தினாலும் உடனே சரியாகாது, முன்கூட்டியே பேச வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராமநாதபுரம், தஞ்சாவூர், கன்னியாகுமரி பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகள் அங்கே ஏராளம். வருஷத்துக்கு ஒருமுறை முப்பது, நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார், குழந்தை உண்டாவது அந்த நாட்களில்தான். மற்ற தம்பதிகளிடம் எப்போது கரு உண்டாகும் என்று நாம் ஊகிக்க வேண்டும், இங்கே விமான டிக்கெட்டிலேயே தேதி இருக்கிறது! அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பு மூவரும் சேர்ந்த ஒரு வீடியோ அழைப்பு போதும், அவர் அங்கிருந்து, மனைவி இங்கிருந்து, நடுவில் நீங்கள். ஃபோலிக் ஆசிட் ஆரம்பித்துவிடலாம், தைராய்டும் சுகரும் சரிசெய்ய நேரம் இருக்கும், தடுப்பூசி போட்டு ஒரு மாத இடைவெளியும் கிடைக்கும். போன வருஷமும் வந்து போனார், அதற்கு முந்தைய வருஷமும் வந்து போனார், இன்னும் உண்டாகவில்லை என்று மலட்டுத்தன்மைப் பட்டம் கட்டப்பட்டு வரும் பெண்களுக்கு, கணக்குப் போட்டால் மொத்தமாகச் சேர்ந்து இருந்ததே மூன்று மாதம்தான் என்று புரியவைப்பதும் நம் வேலை. சேர்ந்து வாழும் தம்பதிக்கு ஒரு வருஷம், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் முயற்சி செய்த பிறகுதான் மேற்கொண்டு பரிசோதனை என்பது பொது விதி. மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களை அவ்வளவு நாள் காக்கவைக்க வேண்டாம்.

போனில் முடியாதது என்ன? இதயத்தைக் கேட்க முடியாது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிப்போனது தெரியாமலேயே கல்யாணமாகி வரும் பெண்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும்போது அந்த வால்வு தாங்காது, அப்போதுதான் முதன்முதலாக மூச்சுத்திணறலோடு அவசர சிகிச்சைக்கு வருவார்கள். "சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டார்களா, மாடிப்படி ஏறினால் மற்றவர்களைவிட மூச்சு வாங்குகிறதா?" என்று போனில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொன்னாலும், கருத்தரிக்கும் முன் ஒரே ஒருமுறை யாராவது ஒரு மருத்துவர் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தே ஆக வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உங்களிடம் வர முடியாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த ஒரு பயணத்திலேயே மற்ற எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்: பிரஷர், எடை, உயரம், ரத்தம், சிறுநீர், தடுப்பூசி. ரத்தத்தில் முழு அணுக்கள் எண்ணிக்கை, குரூப், சுகர், டி.எஸ்.ஹெச்., ஹெபடைட்டிஸ் பி, ஹெச்.ஐ.வி., சிபிலிஸ் போதும், பதினைந்தாயிரம் ரூபாய் பேக்கேஜ் எதுவும் வேண்டாம். தடுப்பூசியில் ரூபெல்லாவைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் நடந்தது. அதாவது 2002-க்கு முன் பிறந்த பெண்கள் அந்த முகாமில் வரவில்லை, தனியாகப் போட்டிருந்தால்தான் உண்டு. உயிருள்ள கிருமி ஊசி என்பதால் கர்ப்பமில்லை என்று உறுதி செய்துவிட்டுப் போட வேண்டும், போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது.

நேரம் எவ்வளவு ஆகும் என்றால், எனக்கு முதல் அழைப்பு இருபது, இருபத்தைந்து நிமிஷம், ரிப்போர்ட் வந்தபின் பத்து நிமிஷம், அப்புறம் மாதம் ஒருமுறை இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்வேன், எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே சாப்பிடுகிறாளா இல்லையா என்று தெரிந்துவிடும். சாப்பிடாமல் விட்டிருந்தால் திட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று இரும்பு மாத்திரையை நிறுத்தியிருப்பாள், சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். முந்தைய பிரசவம் முடிந்து எவ்வளவு நாளாயிற்று என்றும் பாருங்கள், அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனது சரியில்லை, தூக்கம் இல்லை என்பவர்களுக்கு 14416 என்ற டெலி-மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, இரண்டு கோடு தெரிந்த அன்றே உங்களைக் கூப்பிட வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லி வையுங்கள், மூன்றாம் மாதம் வரை ஊரிடம் மறைக்கலாம், உங்களிடம் மறைக்க வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு அன்றைக்கே வாரத்துக்கு ஏழு மாத்திரை என்பதை ஒன்பதாக மாற்றிவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம், சுகர் உள்ளவளை அதே வாரத்தில் நேரில் பார்க்கலாம், மற்றவர்களைத் தாமதமில்லாமல் நர்சம்மாவிடம் பதிவுக்கு அனுப்பலாம். ஆனால் அந்த அழைப்பில் ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல், தோள்பட்டை வலி என்று எதையாவது சொன்னால், கரு குழாயில் தங்கியிருக்கலாம், மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்தாளா என்று நீங்களே திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள்.